அப்பாவுக்குப் பெரிய எழுத்து வேண்டும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருவள்ளூரில் அப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். வழக்கமாக நான் செருப்பைக் கழற்றும்போதே, "இந்த வாரம் தொடர்ல என்ன ஆச்சு தெரியுமா?" என்று ஆரம்பிப்பவர், அன்று திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்து ஸ்டூலில் மூன்று வாரத்துப் பத்திரிகைகள் பிரிக்காமலே கிடந்தன.

"ஏம்ப்பா, படிக்கலையா?"

"எல்லாம் படிச்சாச்சு போ."

பின் அடித்த பக்கம்கூடப் பிரியாத பத்திரிகையை எப்படிப் படித்தார் என்று நான் கேட்கவில்லை. அம்மாதான் அடுப்படியில் மெதுவாகச் சொன்னாள். "எழுத்து தெரியலடி. வெளியில சொன்னா கௌரவக் குறைச்சல் அவருக்கு."

காக்களூர் தொழிற்பேட்டையில் முப்பது வருஷம் லேத் ஓட்டியவர் அப்பா. வெர்னியரில் தலைமுடி கனத்துக்குக் கோடு பார்த்த கண். அந்தக் கண்ணுக்கு இன்று பத்திரிகை எழுத்து தெரியவில்லை என்றால், அவரால் அதை எப்படி ஒத்துக்கொள்ள முடியும்?

இங்கே என் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் இருப்பது கும்மிடிப்பூண்டி. சிப்காட்டில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். கும்மிடிப்பூண்டியும் திருவள்ளூரும் ஒரே மாவட்டம்தான். ஆனால் ரயிலில் போக வேண்டுமென்றால் பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர் எல்லாம் தாண்டிச் சென்னைக்குள் போய், அங்கே வண்டி மாறி, ஆவடி வழியாகத் திரும்பி வர வேண்டும். காத்திருப்பதையும் சேர்த்தால் மூன்று மணி நேரம். பெரியபாளையம் வழியாக பஸ்ஸில் போகலாம். எனக்குத் தலை சுற்றும்.

இந்த மூன்று மணி நேரத்தை உத்தேசித்துத்தான் ஒரு வருஷமாக மின்புத்தகம் படிக்கும் கருவி ஒன்று வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். செல்போனில் படிக்க உட்கார்ந்தால் அத்திப்பட்டு வருவதற்குள் வாட்ஸப் கூப்பிட்டுவிடுகிறது. படிப்பதற்கு மட்டுமே ஒரு கருவி இருந்தால் நன்றாக இருக்குமே என்ற ஆசை.

விலையைப் பார்த்ததும் ஆசை கொஞ்சம் அடங்கியது. 2025 ஏப்ரலில் கிண்டில் பேப்பர்வொயிட்டின் புதிய மாடல் இந்தியாவுக்கு வந்தபோது விலை 16,999 ரூபாய். எங்கள் கம்பெனியில் புதிதாகச் சேரும் காண்ட்ராக்ட் பையனின் ஒரு மாதச் சம்பளத்துக்குப் பக்கத்தில் வருகிறது. "அந்தக் காசுக்கு நூறு புத்தகம் வாங்கலாமே" என்றார் இவர். நூறு வராது, ஆனால் ஒரு அலமாரி நிறைய வரும். தவிர, வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் கட்டிக்கொண்டுதானே இருக்கிறோம்? ஊர் நூலகத்தில் சொற்பக் காசில் உறுப்பினராகலாம். நியாயமான கேள்வி. அதனால் அந்த யோசனையைத் தள்ளி வைத்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு கணக்கு மாறியது. கேள்வி எனக்கு வேண்டுமா என்பது இல்லை. அப்பாவுக்கு உதவுமா என்பது.

முதலில் கடைக்குப் போகவில்லை, கண் டாக்டரிடம் போனோம். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். வயதானவர்கள் படிப்பதை நிறுத்தினால், 'வயசாச்சு' என்று நாமே தீர்ப்பு சொல்லிவிடக் கூடாது. கண்ணாடியின் பவர் மாறியிருக்கலாம். கண்புரையாக இருந்தால் ஆபரேஷனில் சரியாகிவிடும். அப்பாவுக்குப் புரை ஆபரேஷன் முன்பே ஆகிவிட்டது. இப்போது விழித்திரையின் நடுப்பகுதி வயதால் தேய்ந்திருக்கிறது என்றார் டாக்டர். "பெரிய எழுத்து, நல்ல வெளிச்சம், ரெண்டும் இருந்தா இவர் தாராளமா படிக்கலாம். நேர்க்கோடு திடீர்னு வளைஞ்சு தெரிஞ்சா மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளாம வந்துடணும்" என்றார்.

"கோடு வளையறதை எனக்கே சொல்லித் தர்றாரு" என்று லேத்காரர் வெளியே வந்து முணுமுணுத்தார்.

பெரிய எழுத்துக்கு எங்கே போவது? நூலகத்தில் கேட்டேன். பக்திப் புத்தகங்கள் சில பெரிய எழுத்தில் இருந்தன. அப்பா கேட்பது கதை. பூதக்கண்ணாடி வாங்கித் தந்தேன். இரண்டு பக்கத்தில் கை வலித்தது. மின்புத்தகத்தின் அருமை அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆயிரம் புத்தகம் அடங்கும் என்று விளம்பரத்தில் சொல்கிறார்களே, அது அப்பாவுக்குத் தேவையில்லை. ஒரே புத்தகம் போதும். எழுத்து மட்டும் அவர் கண்ணுக்கு ஏற்றபடி வளர வேண்டும்.

எங்கள் ஆபீஸில் ஒரு தம்பியிடம் பழைய கிண்டில் ஒன்று மேஜை டிராயரில் தூங்கிக்கொண்டிருந்தது. "ரெண்டு வாரத்துக்கு இரவல் குடு தம்பி" என்று வாங்கிக்கொண்டேன். போகிற வழியில் ரயிலில் நானும் படித்துப் பார்த்தேன்.

இந்தத் திரையின் சூட்சுமம் எளிமையானதுதான். உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய உருண்டைகள். ஒவ்வொன்றிலும் கறுப்பும் வெள்ளையுமாகத் துகள்கள். மின்சாரம் எந்தத் துகளை மேலே இழுக்கிறதோ அந்த நிறம் நமக்குத் தெரிகிறது. பக்கம் திருப்பும்போது மட்டும்தான் திரைக்கு மின்சாரம் வேண்டும். அதனால் ஒருமுறை சார்ஜ் செய்தால் வாரக்கணக்கில் வருகிறது. செல்போன் திரை தானே வெளிச்சம் போடுகிறது. இது காகிதம் மாதிரி, மேலே விழும் வெளிச்சத்தில் தெரிகிறது. ஜன்னலோர வெயிலில் செல்போன் மங்கும். இது பளிச்சென்று தெரியும். ஆனால் பழைய மாடல் சிலவற்றில் விளக்கே கிடையாது. தம்பி கொடுத்ததும் அந்த ரகம்தான். இரவில் டியூப்லைட் வேண்டும்.

அடுத்தது, என்ன புத்தகம் போடுவது? தமிழ் படிப்பவர்கள் காசு கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டிய இடம் இதுதான். அமேசான் தமிழ் மின்புத்தகங்களை விற்க ஆரம்பித்தது 2016 டிசம்பரில். இப்போது நாவல்கள் நிறையக் கிடைக்கின்றன. காசில்லாமல் படிக்கவும் வழி இருக்கிறது. 1998 முதல் தன்னார்வலர்கள் நடத்திவரும் மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியத்திலிருந்து கல்கி வரை இருக்கிறது. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் எழுதியவர்களே மனமுவந்து இலவசமாகக் கொடுத்த புத்தகங்கள், ஈபப் வடிவத்தில் கிடைக்கின்றன. ஈபப் என்றால் எழுத்து எழுத்தாக இருக்கும் கோப்பு. பெரிதாக்கினால் வரிகள் தாமே மடங்கி அடுத்த வரிக்கு வரும்.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அரிய பழைய புத்தகங்கள் ஏராளம். ஆனால் அவை ஸ்கேன் செய்த படங்கள். ஆறு அங்குலத் திரையில் படத்தைப் பெரிதாக்கினால் பாதி வரி வெளியே போய்விடும். ஒவ்வொரு வரிக்கும் விரலால் இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். அப்பா அத்தை வீட்டில் பைண்டு புத்தகமாகப் படித்த பழைய தொடர்களை ஆசையாகக் கேட்டார். எனக்குக் கிடைத்த ஒன்றிரண்டும் ஸ்கேன்தான். அதற்கு இந்தக் கருவி லாயக்கில்லை. பத்து அங்குல டேப்லெட்தான் சரி. உங்கள் வீட்டில் படிக்க விரும்புவது முழுக்க ஸ்கேன் புத்தகமாக இருந்தால், அல்லது படமும் வண்ணமும் நிறைந்த பத்திரிகையாக இருந்தால், கிண்டில் பக்கமே போகாதீர்கள்.

கடைசியில் 'பொன்னியின் செல்வன்' முதல் பாகத்தை ஏற்றிக் கொடுத்தேன். நாட்டுடைமையான நூல் என்பதால் இலவசம். எழுத்தை ஒவ்வொரு படியாக ஏற்றினேன். "இன்னும்... இன்னும்... ஆங், நிறுத்து" என்றார். அந்த அளவில் ஒரு வரிக்கு இரண்டு, மூன்று சொல்தான் வந்தது. தமிழ்ச் சொல் நீளமாயிற்றே! ஒரு பக்கத்தைப் படித்து முடிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை. விரல் பட்டு இரண்டு பக்கம் சேர்ந்து தாண்டிவிட்டால் திரும்பி வரத் தெரியாமல் முதல் நாள் அம்மாவிடம் கோபப்பட்டாராம். மூன்றாம் நாள் அம்மா போன் செய்தாள். "சாப்பிடக் கூப்பிட்டா வர மாட்டேங்கறாருடி. பழையபடி ஆயிட்டாரு."

அந்தப் புகாரை நான் ரொம்ப நாளாகக் கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துக் கருவியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது தம்பி, "நானும் படிக்கறதில்ல மேடம், நீங்களே வெச்சுக்கோங்க. 3,000 குடுங்க போதும்" என்றான். வாங்கிவிட்டேன். கணக்கு எழுதுகிறவள் இல்லையா, கொடுப்பதற்கு முன் சிலதைச் சரிபார்த்தேன். நீங்களும் பழையது வாங்குவதாக இருந்தால் உதவும்.

பழைய சொந்தக்காரரின் கணக்கிலிருந்து கருவியை அவரே நீக்கித் தர வேண்டும். இல்லாவிட்டால் அவர் கார்டில் நீங்கள் புத்தகம் வாங்குவீர்கள். அதேபோல, திருட்டுப் பொருளா என்பதும் இதில் தெரிந்துவிடும். திரையில் அசையாத கோடு இருந்தால் வேண்டாம். திரை மாற்றும் செலவு கட்டுப்படியாகாது. ஒரு தமிழ்ப் புத்தகத்தைத் திறந்து கொ, கௌ, ஸ்ரீ எல்லாம் உடையாமல் வருகிறதா என்று பாருங்கள். முழுக்க சார்ஜ் செய்து இரண்டு நாள் வைத்திருந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

புதிதோ பழையதோ, இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கும் மின்புத்தகம் அலமாரிப் புத்தகம் மாதிரி நம் சொத்து இல்லை; படிக்கும் உரிமை மட்டும்தான். 2009 ஜூலையில் உரிமைச் சிக்கல் ஒன்றால் ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலை, வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்தே அமேசான் அழித்தது. பிறகு மன்னிப்பும் கேட்டது. வாங்கிய புத்தகத்தைக் கம்ப்யூட்டரில் இறக்கி வைத்துக்கொள்ளும் வசதியையும் 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டார்கள். கருவிகளும் நிரந்தரமில்லை. 2010-ல் குஜராத்தைச் சேர்ந்த இன்ஃபிபீம் நிறுவனம் இந்திய மொழிகளும் படிக்கலாம் என்று 'பை' என்ற கருவியை 9,999 ரூபாய்க்கு விற்றது. இன்று அது கடைகளில் இல்லை. அதனால் இலவசமாக இறக்கிய ஈபப் கோப்புகளை ஒரு பென் டிரைவிலும் போட்டு வைத்திருக்கிறேன். கருவி போனாலும் புத்தகம் இருக்கும். கிண்டிலுக்கே 2022 முதல் ஈபப் கோப்பை அனுப்ப முடிகிறது.

சரி, எனக்கு? அந்தக் கருவியோடு ரயிலில் போன முதல் மூன்று நாள் ஒழுங்காகப் படித்தேன். நாலாவது நாள் அது பையில் இருந்தது, கையில் செல்போன் இருந்தது. குறை செல்போனில் இல்லை என்று புரிந்துவிட்டது. செலவில்லாத பரீட்சை ஒன்று எனக்கு நானே வைத்திருக்கிறேன். செல்போனில் இலவசமாக இருக்கும் படிக்கும் செயலியில் ஒரு முழுப் புத்தகத்தை முடிக்க வேண்டும். முடித்தால், எனக்கென்று ஒன்று வாங்குவது பற்றி யோசிப்பேன். இன்றைக்குப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருக்கிறேன். 16,999 ரூபாய் இதுவரை பத்திரமாக இருக்கிறது.

போன ஞாயிறு திருவள்ளூர் போனேன். அப்பா இரண்டாம் பாகத்தில் இருந்தார். "ஏம்மா, இதைப் பக்கத்துத் தெரு நண்பருக்கு இரவல் குடுக்கணும்னா எப்படி?" என்றார். கோப்பை அவருடைய செல்போனுக்கு அனுப்பலாம் என்றேன். "அவனுக்கு என்னைவிட மோசம், செல்போன்ல எங்க தெரியும்?" என்றார். கருவியைக் கொடுத்துவிட்டால் இவருக்கு இல்லை. இதற்கு என்னிடம் பதில் இல்லை.

சாயந்திரம் நான் கிளம்பும்போது அந்த நண்பர் திண்ணையில் வந்து உட்கார்ந்திருந்தார். அப்பா கருவியை வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பிடித்து, ஒரு வரிக்கு மூன்று சொல்லாக, சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். பக்கம் திரும்புகிற நேரத்தில் எல்லாம் நண்பர், "ம்... அப்புறம்?" என்றார்.