விண்ணுக்குப் போன சாட்டிலைட் மக்கர் பண்ணினால் என்ன செய்வார்கள்? எஸ்எஸ்எல்வி முதல் ஸ்பேடெக்ஸ் வரை

திரி எரிந்தும் வெடிக்காத வெடி பக்கத்தில் போகக்கூடாது. சிவகாசி, சாத்தூர் பக்கம் இதைப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோள் சத்தமில்லாமல் போனால், போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தாலும் முடியாது. அப்போ என்னதான் வழி?

விருதுநகரில் இருந்து மதுரை போகும் வழியில் இருக்கும் திருமங்கலத்தின் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. நாடு முழுக்க 75 பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள் சேர்ந்து செய்த 8 கிலோ 'ஆசாதிசாட்'டில் அவர்களின் பங்கும் இருந்தது. 2022 ஆகஸ்ட் 7 அன்று, இஸ்ரோவின் புதிய சிறிய ராக்கெட்டான எஸ்எஸ்எல்வி-யின் முதல் பயணத்தில் அது கிளம்பியது.

என்ன தப்பு நடந்தது?

ராக்கெட்டின் எஞ்சின்கள் நன்றாகவே எரிந்தன. இரண்டாவது அடுக்கு கழன்ற நேரத்தில் ஏற்பட்ட அதிர்வில், வேக மாற்றத்தை அளக்கும் சென்சார்கள் சில கணம் திணறின. அவ்வளவுதான். ஆனால் உள்ளே இருந்த கணினி 'எல்லா சென்சாரும் பழுது' என்று முடிவுகட்டி, அவசரகால முறைக்கு மாறிவிட்டது. காப்பாற்றுவதற்காக எழுதிய புரோகிராமே காலை வாரிவிட்டது என்பதுதான் இதில் கொடுமை.

356 கிலோமீட்டர் வட்டப்பாதைக்குப் பதில், ஒரு பக்கம் 356, மறுபக்கம் 76 கிலோமீட்டர் என்ற கோணல் பாதை கிடைத்தது. 76 கிலோமீட்டரில் காற்று இருக்கிறது, அது இழுத்துவிடும். செயற்கைக்கோள்களில் எந்தப் பழுதும் இல்லை, இருந்தும் இரண்டும் கைவிட்டுப் போயின.

இஸ்ரோ பிரிப்பு அமைப்பை மாற்றியது. பழுதைக் கண்டுபிடிக்கும் விதிகளையும் திருத்தியது. 2023 பிப்ரவரி 10 அன்று 'ஆசாதிசாட்-2' 450 கிலோமீட்டர் பாதைக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தது.

மேலே போன பிறகு கோளாறு வந்தால்?

அதற்கு நல்ல உதாரணம் ஸ்பேடெக்ஸ். 2024 டிசம்பர் 30 அன்று அனுப்பிய, தலா 220 கிலோ எடையுள்ள இரண்டு செயற்கைக்கோள்கள் விண்ணில் ஒன்றோடொன்று இணைய வேண்டும். ஜனவரி 7 என்று நாள் குறித்தார்கள், 9-க்குத் தள்ளிப்போனது. 8-ம் தேதி நெருங்கும்போது எதிர்பார்த்ததை விட அதிகமாக விலகல் தெரிய, மறுபடியும் நிறுத்தினார்கள். 12-ம் தேதி 3 மீட்டர் வரை போய்விட்டுப் பின்வாங்கினார்கள். சோஷியல் மீடியாவில் சிலர் கிண்டல்கூட செய்தார்கள். ஆனால் அவசரப்படாததுதான் சரி. ஜனவரி 16-ல் இணைப்பு வெற்றி; அமெரிக்கா, ரஷ்யா, சீனாவுக்கு அடுத்து இந்தியா.

ஏன் இவ்வளவு தயக்கம்? தாழ்வான பாதையில் சுற்றும் செயற்கைக்கோள் ஒரு தரை நிலையத்தின் கண்ணில் படுவதே ஒரு சுற்றுக்குச் சுமார் 10 நிமிடம்தான். மற்ற நேரம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். ஏதாவது சந்தேகம் வந்தால், முக்கியமில்லாத கருவிகளை அணைத்து, சோலார் பலகையைச் சூரியன் பக்கம் திருப்பி, பூமியின் உத்தரவுக்குக் காத்திருக்கும். இதைத்தான் 'சேஃப் மோட்' என்கிறார்கள். பெரிய செயற்கைக்கோள்களில் முக்கியக் கருவிகளுக்கு மாற்று இருக்கும். எடையும் பட்ஜெட்டும் குறைந்த குட்டிகளில் பல நேரம் அது இருக்காது.

நம்ம பக்கம் இது இனி அடிக்கடி பேசப்படும். தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கிருந்து இலங்கையைச் சுற்றாமல் நேராகத் தெற்கே பறக்கலாம், எரிபொருள் மிச்சம். அங்கிருந்து கிளம்பப் போவதும் இதே எஸ்எஸ்எல்வி-தான்.