காயம் ஒன்றே, கணக்கு மட்டும் ஏன் மூன்று?

முதுகெலும்பு முறிந்து இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் போன இளைஞனின் வேதனை, அவன் எந்தப் பிரிவில் சேர்ந்தான் என்பதைப் பொறுத்து மாறுவதில்லை. வழக்கமான முறையில் சேர்ந்த சிப்பாய், நான்கு ஆண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்த அக்னிவீரர், சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி மையத்தில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த கேடட் ஆகிய மூவருக்கும் அதே சக்கர நாற்காலிதான், அதே படுக்கைதான். ஆனால், அவர்களுக்கு நாடு என்ன கொடுக்கிறது என்று கேட்டால் மூன்று விதமான பதில்கள் வருகின்றன. நாட்டுக்காக உடலை முழுவதும் இழந்தவர்கள் விஷயத்தில் இந்தப் பாகுபாடு நியாயமற்றது. உடனே களையப்பட வேண்டியது.

பணியின் காரணமாக நூறு சதவீத இயலாமை அடைந்து வெளியேற்றப்படும் வழக்கமான படைவீரருக்கு, கடைசி ஊதியத்தில் பாதி பணிக்கூறாகவும் 30 சதவீதம் இயலாமைக் கூறாகவும் ஆயுள் முழுவதும் கிடைக்கும். போர்க்காயம் என்று ஏற்கப்பட்டால் இந்த இரண்டாவது கூறு இன்னும் பெரிது. இதற்கு மேல் அகவிலை நிவாரணம் உண்டு; முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்தில் குடும்பத்துக்கும் சிகிச்சை உண்டு. குறைகள் இருந்தாலும், இது மதிக்கத்தக்க ஏற்பாடு.

2022-ல் கொண்டுவரப்பட்ட அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தவருக்கு இதே நிலை நேர்ந்தால், நூறு சதவீத இயலாமைக்கு ஒரே தவணையாக 44 லட்சம் ரூபாயும், நான்கு ஆண்டில் எஞ்சிய காலத்துக்கான ஊதியமும், ஒப்பந்த முடிவில் தரப்படும் சேவா நிதியும் கிடைக்கும். அத்துடன் கணக்கு முடிந்துவிடும். ஓய்வூதியம் கிடையாது, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் கிடையாது. வங்கியில் போட்டால் வட்டி வருமே என்பார்கள். வட்டி விலைவாசியோடு சேர்ந்து ஏறாது. அகவிலை நிவாரணமும் ஊதியக்குழுப் பலனும் ஓய்வூதியத்துக்குத்தான் உண்டு. வீட்டு வாசலில் சாய்தளம், அகலமான குளியலறைக் கதவு, காற்று மெத்தை, அடுத்தடுத்த அறுவை சிகிச்சைகள் என்று முதல் சில ஆண்டுகளிலேயே அந்தத் தொகையில் பெரும்பகுதி கரையும். இருபது வயதில் படுக்கையில் விழுந்தவனுக்கு முன்னால் இருப்பது நாற்பது, ஐம்பது ஆண்டு வாழ்க்கை.

கேடட்டுகளின் கதை இன்னும் கசப்பானது. பதவி ஏற்பதற்கு முன்பே பயிற்சியில் அடிபட்டதால், சட்டத்தின் கண்ணில் அவர்கள் படைவீரர்களே அல்லர். ஏழாவது ஊதியக்குழுவுக்குப் பிந்தைய அடிப்படை விகிதப்படி மாதம் 9,000 ரூபாய் கருணைத்தொகை, நூறு சதவீத இயலாமை என்றால் மேலும் 16,200 ரூபாய் என்பதே ஏற்பாடு. இவர்களின் அவலம் பத்திரிகைகளில் வெளிவந்த பிறகு, 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அந்த மாதமே இ.சி.எச்.எஸ். திட்டத்தில் சேர அரசு அவர்களுக்கு வழிவிட்டது. வரவேற்கிறோம். ஆனால், பல ஆண்டுகளாக அவர்களின் தாய் தந்தையர் தட்டிய கதவு, நீதிபதிகள் கேட்ட பிறகுதானே சில நாட்களில் திறந்தது? அப்படியானால் முன்பே திறந்திருக்கலாம். முன்னாள் படைவீரர் தகுதியும் முறையான ஓய்வூதியமும் அவர்களுக்கு மறுக்கப்படுவதற்கு, நியாயமான காரணம் எதையும் நம்மால் காண முடியவில்லை.

உரிமை இருக்கிறவர்களுக்கும் அது எளிதில் கைக்கு வருவதில்லை. இயலாமைக்குப் பணிதான் காரணம் அல்லது பணியால்தான் அது மோசமானது என்று மருத்துவ வாரியம் ஏற்றுக்கொண்டால்தான் இயலாமை ஓய்வூதியம். 'பணிக்குத் தொடர்பில்லை' என்று ஒரு வரி எழுதிவிட்டால் வாழ்க்கையே திசைமாறிவிடும். தரம்வீர் சிங் என்ற படைவீரரின் வழக்கில் 2013-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: சேரும்போது நோய் எதுவும் பதிவாகவில்லை என்றால் அவர் நல்ல உடல்நிலையோடு வந்தார் என்றே கொள்ள வேண்டும், பணிக்குத் தொடர்பில்லை என்று நிரூபிக்க வேண்டியது அரசுதான், வீரர் அல்ல. அதன் பிறகும் வழக்குகள் ஓயவில்லை. 1985-ல் சேர்ந்து, சியாச்சின் பனிமலையில் பணியாற்றி, வலிப்பு நோயால் 1989-ல் வெளியேற்றப்பட்ட ஒருவருக்கு இயலாமை ஓய்வூதியம் வழங்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2025 ஏப்ரலில். இடையில் ஓடியவை 36 ஆண்டுகள். படைவீரர்களின் குறைகளை விரைவாகத் தீர்க்கத்தான் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் அமைக்கப்பட்டது. சென்னையிலும் அதன் அமர்வு இருக்கிறது. அங்கே வென்ற வீரரை மேல் நீதிமன்றத்துக்கு இழுப்பதையே அரசுத் துறை வழக்கமாக வைத்திருந்தால், தீர்ப்பாயம் எதற்கு?

அரசுத் தரப்பு வாதத்தையும் தள்ளிவிட முடியாது. நீரிழிவு, ரத்த அழுத்தம் போன்ற வாழ்க்கைமுறை நோய்களைக் காட்டி இயலாமை ஓய்வூதியம் பெறுவோர், குறிப்பாக அதிகாரிகளிடையே, அதிகம் என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2023-ல் சுட்டிக்காட்டினார். அதே ஆண்டு செப்டம்பரில் புதிய தகுதி விதிகளும் வந்தன. முறைகேடு இருந்தால் பிடிக்கட்டும். மக்கள் வரிப்பணத்துக்குக் கணக்கு வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், முதுகுத்தண்டு முறிந்தவனும் இரு கண்களை இழந்தவனும் பாசாங்கு செய்யவில்லை. பணிக்காலம் முழுவதையும் முடித்து, லேசான ரத்த அழுத்தத்தோடு வீடு திரும்பும் அதிகாரியைக் குறிவைத்த கெடுபிடி, எழுந்து உட்கார முடியாத ஜவானின் கோப்பையும் சேர்த்து முடக்கக் கூடாது. நெல்லுக்குள் பதரைத் தேடுகிறவர்கள் நெல்லையே தூற்றிவிடக் கூடாது.

எந்த விதியும் சரியாகக் கண்டுகொள்ளாத இன்னொருவர் இருக்கிறார்: அந்த வீரரின் மனைவி, சில வீடுகளில் தாய். இடுப்புக்குக் கீழே செயலிழந்தவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப்புண் வரும். சிறுநீர்க் குழாயைச் சுத்தமாக வைக்காவிட்டால் தொற்று வரும். இரவில் அலாரம் வைத்து எழுகிற அந்தப் பெண் வேலைக்குப் போக முடியாது; ஊர்த் திருவிழாவுக்குக்கூட நிம்மதியாகப் போய்வர முடியாது. இந்த உழைப்புக்காக நூறு சதவீத இயலாமை உள்ளவருக்கு வழங்கப்படும் தொடர் பராமரிப்புப் படி, 2017 ஜூலை முதல் மாதம் 6,750 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. அகவிலைப்படி 50 சதவீதம் ஏறும்போது இது கால்பங்கு கூடும் என்பது விதி. அப்படிக் கூட்டினாலும் நாளொன்றுக்கு 300 ரூபாயைத் தொடாது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழகத்துக்கு 2025-26-ல் அறிவிக்கப்பட்ட நாள்கூலி 336 ரூபாய். அந்த வேலைக்குப் பொழுது சாய்ந்தால் ஓய்வு உண்டு, இந்த வேலைக்கு இல்லை.

கணவர் கண்மூடிய பிறகும் சோதனை தொடர்கிறது. மரணத்துக்கு, ஏற்கப்பட்ட அந்த இயலாமையோ பணியோ காரணம் என்று நிறுவினால் கடைசி ஊதியத்தில் 60 சதவீதம் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம். நிறுவ முடியாவிட்டால் 30 சதவீதம். முப்பது ஆண்டுகள் படுத்த படுக்கையாகக் கிடந்தவர் சிறுநீரகம் பழுதாகி இறந்தால், அதற்கும் பழைய குண்டுக்காயத்துக்கும் உள்ள தொடர்பை அந்த விதவை எங்கே போய் நிரூபிப்பார்? அமெரிக்காவில் இதற்கு ஒரு நேரான விதி இருக்கிறது. பத்து ஆண்டுகள் தொடர்ந்து முழு இயலாமை உள்ளவராக மதிப்பிடப்பட்டிருந்த முன்னாள் வீரர், பொதுவாக எந்தக் காரணத்தால் இறந்தாலும் அவருடைய மனைவிக்கு உதவித்தொகை உண்டு. நிரந்தர முழு இயலாமை கொண்டவரின் மனைவி, பிள்ளைகளுக்கு மருத்துவ உதவியும் கல்வி உதவியும் தனித் திட்டங்களாக இருக்கின்றன. வீட்டில் இருந்து பராமரிக்கும் உறவினருக்கு மாத உதவித்தொகை தர 2010-லேயே சட்டம் போட்டார்கள். அங்கேயும் தாமதமும் முறையீடும் உண்டு. ஆனாலும், வீரரின் காயத்தைக் குடும்பமும் சுமக்கிறது என்பதை அந்தச் சட்டம் ஒப்புக்கொள்கிறது.

நாம் கேட்பவை மூன்று. முதலாவது, பணியிலோ பயிற்சியிலோ நூறு சதவீத இயலாமை அடைந்த எவருக்கும், அவர் சிப்பாயோ அக்னிவீரரோ கேடட்டோ, ஒரே அடிப்படையில் வாழ்நாள் ஓய்வூதியமும் இ.சி.எச்.எஸ். சிகிச்சையும் முன்னாள் படைவீரர் தகுதியும் வேண்டும். இரண்டாவது, இவர்கள் தீர்ப்பாயத்தில் வென்ற வழக்குகளில், மோசடி என்பதற்குச் சான்று இருந்தாலன்றி மேல்முறையீடு செய்வதில்லை என்று பாதுகாப்பு அமைச்சகம் எழுத்துப்பூர்வமாக உத்தரவிட வேண்டும். மறுக்கும் மருத்துவ வாரியம் காரணத்தை விளக்கி எழுத வேண்டும். மூன்றாவது, பராமரிப்புப் படி ஒரு முழுநேரப் பணியாளரின் குறைந்தபட்சக் கூலிக்கு இணையாக உயர வேண்டும். பத்து ஆண்டுகள் முழு இயலாமையோடு வாழ்ந்தவரின் மனைவிக்கு, மரணத்தின் காரணம் கேட்காமல் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம் தர வேண்டும்.

பணம் எங்கே என்ற கேள்வி எழலாம். 2025-26 நிதிநிலை அறிக்கையில் பாதுகாப்புத் துறை ஓய்வூதியத்துக்கு ஒதுக்கப்பட்டது 1.60 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். அதைப் பெறுவோரில் முழு இயலாமை கொண்டவர்கள் மிகச் சிலர். அவர்களுக்கு முழுமையாகச் செய்வதால் கஜானா காலியாகிவிடாது. ஆண்டுதோறும் டிசம்பர் 7 அன்று கொடிநாள் வசூலுக்குச் சட்டைப்பையில் கொடி குத்திக்கொள்கிறோம். அந்த நன்கொடை நல்லதுதான்; ஆனால் அது அரசின் கடமைக்கு ஈடாகாது. வீரரைப் படையில் சேர்க்கும்போது எத்தனை ஆபத்தானாலும் ஏற்கச் சொல்கிற அரசு, அந்த ஆபத்து நேர்ந்துவிட்ட பிறகு வகை பிரித்துப் பார்க்கக் கூடாது. நாடாளுமன்றத்தின் அடுத்த கூட்டத்தொடரிலேயே இதற்கான சட்டத்தை மத்திய அரசு கொண்டுவர வேண்டும், தமிழக எம்.பி.க்கள் கட்சி வேறுபாடின்றி அதை வலியுறுத்த வேண்டும்.