ஆயிரம் லிங்க் வாங்கினால் முதலிடமா?

ஒரு வலைப்பக்கத்தைச் சுட்டி வேறு தளங்களிலிருந்து வரும் இணைப்புக்கு பேக்லிங்க் என்று பெயர். அது எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு மேலே கூகுள் ஏற்றிவிடும் என்பது வலைத்தளம் வைத்திருக்கும் கடைக்காரர்களிடம் ஊறிப்போன நம்பிக்கை. பெரம்பலூரும் அரியலூரும் இதற்கு விலக்கல்ல. லிங்க் வியாபாரம் நடப்பதே இந்த நம்பிக்கையை முதலாக வைத்துத்தான்.

லாரி பேஜும் செர்ஜி பிரினும் 1998-இல் ஸ்டான்ஃபோர்டில் வெளியிட்ட பேஜ்ரேங்க் முறை இணைப்பை ஓட்டுப் போலப் பார்த்தது மெய்தான். ஆனால் அந்தக் கணக்கே எண்ணிக்கை நம்பிக்கையை உடைக்கிறது. ஒரு பக்கம் தன் மதிப்பை வெளியே போகும் இணைப்புகளுக்கெல்லாம் பங்கு வைக்கிறது. அந்தப் பங்கும் 0.85-ஆல் பெருக்கப்பட்டுக் குறைந்தே போய்ச் சேருகிறது. பத்து இணைப்புள்ள பக்கம் தருவது பத்தில் ஒரு பங்கு. ஆயிரம் உள்ள பக்கம் தருவது ஆயிரத்தில் ஒன்று. விலைக்கு லிங்க் தரும் பக்கத்தைத் திறந்து பார்த்தால் போதும்: மேலே சூதாட்டத் தளம், கீழே எந்த ஊரிலோ ஒரு பல் மருத்துவமனை, நடுவில் செட்டிகுளத்துச் சின்ன வெங்காய வியாபாரி. அந்தப் பக்கத்தையே யாரும் சுட்டுவதில்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

2012 ஏப்ரலில் வந்த கூகுளின் பெங்குவின் மாற்றம் இப்படி ஏற்றிய தளங்களைக் கீழே இறக்கியது. 2016 முதல் கூகுள் பெரும்பாலும் இறக்குவதுகூட இல்லை, பொய் இணைப்பைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறது. கொடுத்த காசு போன இடம் தெரியாது.

விற்பவர் அடுத்து நீட்டுவது 'டொமைன் அத்தாரிட்டி' மதிப்பெண். நூற்றுக்கு இத்தனை என்று அதைப் போடுவது மோஸ் என்ற தனியார் நிறுவனம். தேடல் வரிசைக்கு கூகுள் அதை எடுத்துக்கொள்வதில்லை. மோஸே அப்படித்தான் சொல்கிறது. கூகுளே தன் டூல்பாரில் 0 முதல் 10 வரை காட்டிவந்த பேஜ்ரேங்க் எண்ணும் 2016-இல் நின்றுபோனது. சாத்தனூர் கல்மரம் பற்றிய விக்கிப்பீடியா பக்கத்தில் கடையின் முகவரியைச் செருகும் தந்திரமும் வீண். அங்கிருந்து வெளியே போகும் இணைப்புகளுக்கு 2007 முதலே, இதை ஓட்டாக எண்ணவேண்டாம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் 'நோஃபாலோ' குறி உண்டு.

கங்கைகொண்ட சோழபுரம் வேறு கதை. 2004-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த அந்தக் கோயிலைப் பற்றிய நல்ல பக்கத்துக்குப் பல்கலைக்கழகங்களும் நாளிதழ்களும் கேட்காமலே இணைப்புத் தரும். அதற்கு எடை உண்டு. ஆனாலும் வெங்காய விலை தேடுபவர் முன் அந்தப் பக்கம் வந்து நிற்காது. இணைப்பின் வலு, தேடிய பொருளோடு பொருந்தும்போதுதான் பேசும்.

கடைக்காரருக்கு வேண்டியதோ பக்கத்து ஊர் வாடிக்கையாளர். உள்ளூர்த் தேடலில் கூகுள் பார்ப்பதாகச் சொல்வது மூன்று: பொருத்தம், தூரம், பிரபலம். இணைப்புக்கு இடம் மூன்றாவதில் மட்டுமே, அதுவும் வாடிக்கையாளர் மதிப்புரைகளோடு பங்கு போட்டுக்கொண்டு. பெரம்பலூர் நான்கு ரோட்டில் நின்று சொட்டுநீர்க் குழாய் தேடும் விவசாயிக்கு, மேப்பில் சரியான இடமும் திறக்கும் நேரமும் எடுக்கிற போன் எண்ணும் உள்ள கடைதான் உதவும். போன வருடமே மாற்றிய எண்ணை இன்னும் திருத்தாத கடை, ஆயிரம் லிங்க் வாங்கியிருந்தாலும் அவருடைய அழைப்பை எடுக்கப்போவதில்லை.