பதிவேட்டில் எழுதிய விசுவாசம்



பண்ணையைக் கடந்து, வேலணை வழியாக, வாணர் தாம்போதி மேல் புங்குடுதீவுக்குச் செல்வோர் இருபுறமும் கடலையும் எதிரே பனங்கூடல்களையும் காண்பர். குறிகட்டுவானில் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகேறும் அவசரத்தில் இத்தீவிலே சற்று நின்று பார்ப்போர் குறைவு. சைவப் பெருமக்கள் நிறைந்து வாழ்ந்த இத்தீவில் கிறிஸ்தவர் என்றும் சிறு தொகையினரே. ஆயினும் விசுவாசம் எவ்வாறு வேர்விடுகிறது, எவ்வாறு உதிர்ந்துபோகிறது என்பதை அறிய விரும்புவோருக்கு இத்தீவுகளின் வரலாறு ஒரு நல்லாசான்.

1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். அவர்களோடு நற்செய்தியும் வந்தது, வாளும் வந்தது. 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டதை நாம் மறைக்கவோ மறுக்கவோ இயலாது. விரத நாளில் உண்ட வாழையிலையைப் பறங்கியர் கண்ணிற் படாதபடி கூரை இறப்பில் செருகி மறைத்த கதையை யாழ்ப்பாணத்துச் சைவ முதியோர் இன்றும் சொல்வர். ஒளித்து வைத்த அந்த இலையும் ஓர் இறைபற்றின் சாட்சியே. உண்மைக்குத் தொண்டு செய்கிறோம் என்று எண்ணித் திருச்சபையின் மக்கள் கையாண்ட வன்முறைக்காகத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2000ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் திகதி இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். அந்த மன்றாட்டில் நமக்கும் பங்குண்டு.

1658இல் ஒல்லாந்தர் வந்தனர். புங்குடுதீவுக்கு மிடில்பேர்க் என்றும், நெடுந்தீவுக்கு டெல்வ்ற் என்றும் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். தீவுக்குப் பெயர் மாற்றியதுபோல, மனிதருக்கும் பெயர் மாற்றினர். அரச உத்தியோகம் வேண்டுமா, சட்டம் ஏற்கும் மணமும் அதனால் வரும் காணியுரிமையும் வேண்டுமா, அவர்களுடைய சீர்திருத்தச் சபையில் ஞானஸ்நானம் பெற்றுத் தோம்பில் பெயர் பதிய வேண்டும். மக்கள் பதிந்தனர். ஏடுகளில் கிறிஸ்தவர் தொகை பல்லாயிரமாகப் பெருகிற்று.

விளைவு என்ன? 1795இல் யாழ்ப்பாணம் பிரித்தானியர் வசமாயிற்று. கட்டாயம் நீங்கியது, கூட்டமும் கலைந்தது. 1806இல் இங்கு வந்த கிளோடியஸ் புக்கானன் என்னும் ஸ்கொட்லாந்துப் போதகர், ஒல்லாந்தரின் கோயில்கள் கவனிப்பாரற்றுக் கிடந்ததைக் கண்டு வருந்தி எழுதினார். மக்களை நன்றி கெட்டவர்கள் என்று நாம் பழிக்கலாகாது. அவர்கள் விட்டு நீங்கியது கிறிஸ்துவை அன்று. கிறிஸ்துவை அவர்கள் அறியவே இல்லை; தோம்பை மட்டுமே அறிந்திருந்தனர்.

இதே ஒல்லாந்தர் காலத்தில் மற்றொரு விதையும் விழுந்தது. கத்தோலிக்கக் குருக்களுக்கு அடைக்கலம் தருவோருக்கு மரண தண்டனை என 1658இல் கட்டளை பிறந்திருந்தது. 1687இல் கோவாவிலிருந்து புறப்பட்ட ஒரு குரு, கூலியாளின் கோலத்தில், நோயுற்று மெலிந்த உடலுடன் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். கழுத்தில் செபமாலை அணிந்து வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அதைக் கண்டு முகம் மாறியவர்களைக் கொண்டே தம் மக்களை இனங்கண்டார். சில்லாலை மக்கள் உயிரைப் பணயம் வைத்து அவரைக் காத்தனர். அவரே 2015 ஜனவரி 14ஆம் திகதி கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களால் புனிதராக உயர்த்தப்பட்ட யோசப் வாஸ். அவரிடம் கொடுக்கப் பதவியில்லை, காணியில்லை. அவர் நட்ட விசுவாசமோ இன்றும் நிற்கிறது.

பனங்கொட்டையை நாம் அறிவோம். அது முதலில் மேலே இலை விடுவதில்லை; கீழே மண்ணுக்குள் இறங்கிக் கிழங்காகத் திரள்கிறது. பிறகே குருத்து வெளிவருகிறது. ஆண்டவர் கூறிய விதைப்பவர் உவமையிலும் (மத்தேயு 13) பாறை நிலத்து விதை விரைவாகவே முளைத்தது. வேர் இல்லாமையே அதன் கேடு.

இது பழங்கதை என்று நீங்கள் எண்ணலாம். நம் பங்குப் பணிமனையின் கதவை எண்ணிப் பாருங்கள். பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்கும் காலத்தில் மட்டும் திருமுழுக்குச் சான்றிதழ் கேட்டு வருவோர் எத்தனை பேர்! திருமணத்துக்கு வேண்டும், வெளிநாட்டுப் பயணத்துக்கு வேண்டும் என வருவோர் எத்தனை பேர்! ஒரே நற்கருணையில் பங்கு கொண்ட பின்பும் சாதி பார்த்தே சம்பந்தம் பேசுகிறோம். அப்படியானால் நம்முடைய பதிவேட்டுக்கும் அன்றைய தோம்புக்கும் வேறுபாடு எங்கே? இக்கேள்வி முதலில் குருக்களாகிய எங்களையே சுடுகிறது. பெயரை எழுதிக் கையொப்பமிடுவது எளிது. அந்தக் குடும்பத்தின் வீட்டுப் படியேறி அவர்களோடு அமர்ந்து செபிப்பது கடினம். எளியதைச் செய்துவிட்டுக் கடமை முடிந்ததென்று நாங்கள் இருந்ததுண்டு.

1990களின் தொடக்கத்தில் போர் தீவக மக்களைத் துரத்தியது. புங்குடுதீவின் பெரும்பகுதியினர் வன்னிக்கும், கொழும்புக்கும், கனடா, பிரான்ஸ், சுவிற்சர்லாந்து முதலிய நாடுகளுக்கும் சிதறினர். திரும்பியோர் சிலரே. இன்று வெளிநாட்டு உறவுகளின் உதவியால் கோபுரங்களும் ஆலயங்களும் புதுப்பொலிவு பெறுகின்றன. மகிழ்ச்சியே. ஆனால் திருவிழா முடிந்து விமானம் ஏறிய பின்பு, அந்த ஆலயத்தின் அயலில் தனித்திருக்கும் மூதாட்டிக்கு ஒரு நேரக் கஞ்சி கொண்டு செல்பவர் யார்? ஒல்லாந்தரும் உறுதியான சுவர்களையே கட்டினார்கள்.

எவரும் மனச்சான்றுக்கு எதிராக வற்புறுத்தப்படலாகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் அறிவித்தது. அதன் மறுபக்கம் நமக்குரியது: வற்புறுத்துவோர் எவரும் இல்லாத இக்காலத்தில் நாம் ஏன் கிறிஸ்தவராக இருக்கிறோம்? இவ்வாரம் உங்கள் இல்லத்திலுள்ள திருமுழுக்குச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். அதனால் கிடைக்கும் நன்மைகள் யாவும் நாளை நின்றுபோனாலும், அந்தத் தாளில் உள்ள பெயருக்குரியவராக நீங்கள் நிற்பீர்களா?

அந்த விடையை எந்தப் பதிவேடும் தராது. நம் அயலவர் தருவர்.