விஏ எண் கூடினால் நேரமும் கூடுமா?

"பெரிய விஏ போட்ட யூபிஎஸ்ஸா எடுங்கோ, கரண்ட் போனாலும் வேலை நிற்காது." மட்டக்களப்பிலும் காத்தான்குடியிலும் களுவாஞ்சிகுடியிலும் மேசைக் கணினிக்கு யூபிஎஸ் தேடுகிறவருக்குக் கிடைக்கும் ஆலோசனை பெரும்பாலும் இதுதான். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டைக் கண்ட நாட்டில் இந்தப் பேச்சு எடுபடாமல் போகாது. ஆனால் அதையும் அதோடு சேர்ந்து வரும் வாக்குறுதிகளையும் பிரித்துப் பார்த்தால் ஒரு துண்டும் தேறாது.

"விஏ கூடினால் நேரம் கூடும்." விஏ என்பது யூபிஎஸ் ஒரே நேரத்தில் எவ்வளவு சுமை தாங்கும் என்பதன் அளவு. எவ்வளவு நேரம் என்பதைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் பற்றரி. வாவியில் ஓடும் தோணிக்கு இயந்திரத்தின் குதிரைவலு வேறு, கலனில் உள்ள எண்ணெய் வேறு. 650 விஏ பெட்டியிலும் 850 விஏ பெட்டியிலும் பெரும்பாலும் இருப்பது ஒரேயொரு 12 வோல்ட் பற்றரி. 7 முதல் 9 ஆம்பியர்-மணி. 7 என்றால் 84 வாட்-மணி. கணினியும் திரையும் 150 வாட் இழுத்தால் கணக்குப்படி அரை மணித்தியாலம் ஓட வேண்டும். ஆனால் ஈய-அமிலப் பற்றரியை வேகமாக வடித்தால் முழுக் கொள்ளளவும் கிடைக்காது. புதிய பற்றரியிலேயே கால் மணித்தியாலம் கிடைத்தால் நல்லது. 650 விஏ பெட்டி தாங்கும் சுமையும் 650 வாட் அல்ல. வழமையாக 360 முதல் 390 வாட்தான்.

"கரண்ட் போனாலும் வேலை நிற்காது." நிற்கும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி முற்பகலில் நாடு முழுவதும் மின்சாரம் போனது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று மோதியதே காரணம் என்றார் மின்சக்தி அமைச்சர். பல இடங்களில் மின்சாரம் திரும்ப மணிக்கணக்கானது. அடுத்த இரு நாட்களும் ஒன்றரை மணித்தியால மின்வெட்டு. இவை எதற்கும் சின்னப் பெட்டி ஈடுகொடுக்காது. கோப்பைச் சேமித்துக் கணினியை ஒழுங்காக நிறுத்த அவகாசம் தருவதும், மாரி மழையில் வந்து வந்து போகும் சில விநாடித் தடங்கலைச் சமாளிப்பதுமே அதன் வேலை. மணிக்கணக்கில் வேலை செய்ய வேண்டியவருக்கு மடிக்கணினியோ, பெரிய பற்றரி பூட்டிய இன்வேர்ட்டரோதான் வழி.

"எந்தக் கணினிக்கும் எந்த யூபிஎஸ்ஸும் சரி." மலிவான பெட்டிகள் பற்றரிக்கு மாறும்போது படிப்படியான அலையைத்தான் தருகின்றன. ஆக்டிவ் பிஎஃப்சி (மின்திறன் காரணித் திருத்தம்) உள்ள புதிய பவர் சப்ளைகள் சில அந்த நொடியிலேயே அணைந்துவிடும். அவற்றுக்குச் சைன் அலை தரும் யூபிஎஸ் தேவை. படுவான்கரையில் மின்மாற்றிக்குத் தூரமான வீடு, இரவில் 230 வோல்ட் இறங்கிப் போகிறது என்றால் லைன் இன்டராக்டிவ் வகையே பொருத்தம். அது பற்றரியைத் தொடாமல் அழுத்தத்தை உயர்த்தித் தரும். லேசர் பிரின்டரை எந்த யூபிஎஸ்ஸிலும் செருகாதீர்கள்.

"ஐந்து வருடத்துக்குக் கவலையில்லை." பற்றரியின் ஆயுளை 25 பாகை அளவு வெப்பத்துக்குத்தான் சொல்கிறார்கள். அதற்கு மேல் ஏறக்குறைய ஒவ்வொரு 10 பாகைக்கும் ஆயுள் பாதியாகும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கூரைத் தகட்டின் கீழ் உள்ள அறையில் ஐந்து வருடக் கணக்கு எப்படிச் சரிவரும்? காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். இரண்டு, மூன்று வருடத்தில் பற்றரி மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

"இடி மின்னலுக்கும் காவல்." சிறிய மின்னெழுச்சியைத்தான் அது தாங்கும், அதுவும் வீட்டில் புவித்தொடுப்பு சரியாக இருந்தால். பக்கத்தில் விழும் இடிக்கு ஒரே காவல், பிளக்கையும் ரவுட்டருக்கு வரும் தொலைபேசிக் கம்பியையும் கழற்றிவிடுவது.

ஆகவே கடையில் கேட்க வேண்டியவை மூன்று: எத்தனை வாட் தாங்கும்? உள்ளே பற்றரி எத்தனை ஆம்பியர்-மணி? அதே பற்றரி இங்கேயே மாற்றக் கிடைக்குமா? பதில் சொல்ல முடியாதவர் பெட்டியில் ஒட்டிய எண்ணைத்தான் விற்கிறார்.