அறிவும் உள்ளமும் கையும்

ஆசிரியர் வரையும் பாடத்திட்டத்தில் மூன்று புலங்கள் உண்டு: அறிவுப்புலம், உணர்வுப்புலம், உடலியக்கப்புலம். அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூமும் அவர்தம் குழுவினரும் முதலாவதை 1956லும் இரண்டாவதை 1964லும் வகுத்தளித்தனர். மூன்றாவதற்கு 1970இல் ஐந்து படிகள் கண்டவர் நம் நாட்டு ஆர். எச். தவே: பார்த்துச் செய்தல், சொன்னபடி செய்தல், பிழையின்றிச் செய்தல், பலவற்றை இணைத்துச் செய்தல், இயல்பாகவே செய்தல்.

வன்னியம்பட்டி மக்களாகிய நமக்கு இது விளங்காததன்று. அடுத்துள்ள ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுவதைக் கண்டிருக்கிறோம். பால் ஏன் சுண்டுகிறது என்று தெரிவது அறிவு. அடிப்பிடிக்காமல் துடுப்பைச் சுழற்றுவது கைத்திறன். உண்பவர் நலன் கருதித் தூய்மை பேணுவது உள்ளத்தின் பண்பு. ஒன்று குறையினும் பண்டம் கெடும்.

தேர்வுத்தாளோ பெரும்பாலும் அறிவை மட்டுமே அளக்கிறது. மதிப்பெண் குறைந்த பிள்ளையை ‘மக்கு’ என்று நாம் ஏசும்போது, அளக்கப்படாத இரு பங்குகளையும் சேர்த்தன்றோ தள்ளிவிடுகிறோம்! அச்சொல்லைக் கேட்டு வளரும் பிள்ளை அதையே உண்மையென்று நம்பிவிடும்.

இன்று மாலை பிள்ளை வீடு திரும்பியதும், “எத்தனை மதிப்பெண்?” என்பதோடு நில்லாமல், “எதைச் செய்யப் பழகினாய்? யாருக்கு உதவினாய்?” என்றும் கேட்போம். விடையைப் பொறுமையோடு கேட்போம்.