தண்ணீரில் மூழ்கிச் சாகும் மீன்!

மீன் தண்ணீரில் மூழ்கிச் செத்துப் போகுமா? "இதென்ன பைத்தியக்காரக் கேள்வி!" என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் விரால் மீனை நீர் நிறைந்த தொட்டியில் விட்டு, அது மேலே வந்து வாயைத் திறக்க முடியாதபடி வலையால் தடுத்துவிட்டால், மூச்சுத் திணறிச் செத்துத்தான் போகும். நம்மைப் போலவே அதற்கும் காற்று வேண்டும். மார்க்கெட்டில் மீன்காரம்மாள் அலுமினியக் குண்டானில் நாலு விரற்கடைத் தண்ணீரை வைத்துக்கொண்டு, சாயங்காலம் வரையில் விராலைத் துள்ளத் துள்ள விற்கிறாளே, அதன் ரகசியம் இதுதான்.

விராலுக்குச் செவுளுக்கு மேலே காற்றறை ஒன்று இருக்கிறது. பனையேறிக் கெண்டைக்கு அதே இடத்தில், பூ இதழ்கள் போல மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பு. தேளி மீனுக்கோ முதுகு நெடுக உள்ளே இரண்டு நீண்ட காற்றுப் பைகள். (பெயரே தேளி, அதன் பக்கத்து முள் குத்தினால் தேள் கொட்டியதுபோல் கடுக்கும். ஆய்கிறவர்கள் ஜாக்கிரதை!)

எதற்காக இந்த ஏற்பாடு? மதுராந்தகம் பக்கம் போனால் புரியும். செங்கல்பட்டுச் சீமையே ஏரிகளின் சீமை. மார்கழியில் கடல்போல் அலையடிக்கும் ஏரி, சித்திரை வைகாசியில் சுருங்கிக் குட்டையாகிவிடும். குட்டையில் இலைதழை அழுகும், நீர் சூடேறும், அதில் பிராணவாயு குறைந்துவிடும். செவுளை மட்டும் நம்பியிருக்கும் மீன்கள் மிதந்துவிடும். காற்றைக் குடிக்கத் தெரிந்தவை பிழைத்துக்கொள்ளும்.

அந்தக் குட்டையும் வற்றிவிட்டால்? விரால் சேற்றைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்ப் படுத்துவிடும். மேலே வெயிலில் மண் காய்ந்தாலும் அடியில் ஈரம் இருக்கும். உடம்பும் காற்றறையும் ஈரமாக இருக்கிற வரையில் அதன் உயிருக்குப் பயமில்லை. பனையேறிக் கெண்டை இன்னும் சமர்த்து. செவுள் மூடியின் ஓரத்து முட்களைத் தரையில் ஊன்றி, வாலால் உந்தி, ஈரத் தரையில் அடுத்த குட்டையைத் தேடிப் புறப்பட்டுவிடும். முதல் மழைக்கு நேற்றுவரை காய்ந்து கிடந்த இடத்தில் மீன் துள்ளினால், "மழையோடு மீனும் பெய்தது" என்று சொல்லாமல் என்ன செய்வார்கள்? இலங்கையில் உத்தியோகம் பார்த்த எமர்சன் டென்னன்ட் என்ற ஐரிஷ்காரர், வற்றிய குளங்களில் ஜனங்கள் மண்ணை வெட்டி உயிரோடு மீன் எடுப்பதைப் பற்றி 1861-இல் வெளிவந்த தம் புத்தகத்தில் படத்தோடு எழுதியிருக்கிறார்.

"பனை ஏறுமா?" என்று குழந்தைகள் கேட்பார்கள். 1791-இல் தரங்கம்பாடியில் டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி, பனைமரத்தில் நீர்மட்டத்துக்கு ஐந்தடி உயரத்தில் ஒரு மீனைக் கண்டதாக எழுதினார். சீமைச் சங்கத்தின் பத்திரிகையிலும் அது அச்சாயிற்று. 1927-இல் நம் நாட்டு விஞ்ஞானி பி. கே. தாஸ், காக்கையோ பருந்தோ தூக்கிக்கொண்டு போய் மரத்தில் போட்டிருக்கும் என்று அபிப்பிராயம் சொன்னார். தரையில் நடப்பது நிஜம். மரம் ஏறுவது சந்தேகம்.

இவ்வளவு கெட்டிக்கார மீனையும் ஒன்றே ஒன்று தோற்கடித்துவிடும். கோடையல்ல, மனிதனுடைய மண்வண்டி! வற்றிய ஏரியில் காத்திருக்கலாம்; மேடாக்கிய ஏரியில் எதற்காகக் காத்திருப்பது? இங்கிலாந்தின் கிழக்கே ஃபென்ஸ் என்ற பெரிய சதுப்புச் சீமையை 17-ஆம் நூற்றாண்டிலிருந்து வடித்து வயலாக்கினார்கள். அந்தப் பக்கத்து ஆறுகளில் பர்பாட் என்றொரு விசித்திர மீன் இருந்தது. நன்னீரில் வாழும் காட் ஜாதி. அந்த நாட்டில் அது கடைசியாக அகப்பட்டது 1969-இல்.

அவ்வளவு தூரம் போவானேன்? சென்னைக்குத் தெற்கே பள்ளிக்கரணைக் கழிவெளி ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர் பரந்து கிடந்தது. குப்பைமேடும் சாலையும் அடுக்குமாடிகளும் அதில் பெரும் பங்கை விழுங்கிவிட்டன. 2007-இல் 317 ஹெக்டேரைக் காப்புக்காடாக அறிவித்தார்கள். 2022-இல் அதற்கு ராம்சார் என்ற உலக அந்தஸ்தும் கிடைத்தது. மதுராந்தகத்தை அடுத்த கரிக்கிலிக்கும் வேடந்தாங்கலுக்கும் அதே ஆண்டில்தான் அந்தப் பெருமை வந்தது. கழிவெளியை மறந்தாலும் தண்ணீர் தன் பழைய வீட்டை மறப்பதில்லை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை வீடுகளின் கூடத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

ஆகையால் சகோதரிகளே, நகையை விற்று மனை வாங்கப் போகும்போது, தரகர் காட்டும் வர்ணப் படத்தோடு நின்றுவிடாதீர்கள். கிராமக் கணக்கில் அந்தப் புல எண் என்னவென்று பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். ஊர்ப் பாட்டி ஒருத்தியிடம், "இங்கே முன்னே மீன் பிடிப்பார்களா, பாட்டி?" என்றும் கேளுங்கள். "ஆமாம், விரால்!" என்று அவள் சொன்னால், முன்பணம் கொடுக்காமல் திரும்பிவிடுவது உத்தமம்.

தூர் வாருவது வேறு, தூர்ப்பது வேறு. மதுராந்தகம் ஏரியில் 2022-இல் தொடங்கியது தூர் வாரும் வேலை. அது தண்ணீருக்கு இடம் தருவது. தூர்ப்பதோ இடத்தைப் பிடுங்கிக்கொள்வது. 1798-இல் பெருமழையில் அந்த ஏரிக்கரை உடையாமல் ராமரும் லக்ஷ்மணரும் வில்லேந்திக் காவல் நின்றதைக் கலெக்டர் பிளேஸ் துரை கண்டார் என்பது ஐதீகம். ஏரி காத்த ராமர் என்று கோயிலுக்கே பெயர். கரையை அவர் பார்த்துக்கொண்டார். உள்ளே இருக்கும் சேற்றையாவது நாம் பார்த்துக்கொள்ள வேண்டாமா?